நன்றிக் கடிதத்தில் எழுதாமல் விட்டது

உதவித்தொகையில் படிக்கிறவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வீட்டுப்பாடம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, பணம் தருபவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அவர் முகத்தைப் பார்த்ததுகூட இருக்காது.

முதல் வருடக் கடிதத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். 'தங்கள் பேருதவியால் என் கனவு நனவாகி வருகிறது' என்கிற ரகம். மதிப்பெண்ணும் நன்றாக இருந்ததால் பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் சறுக்கியது. சராசரி பத்துக்கு எட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது நிபந்தனை. எனக்கு வந்தது 7.6. கீழே இழுத்தது ஒரே பாடம், நிகழ்தகவு. ஆசைப்பட்டு எடுத்த விருப்பப் பாடம் அது. "ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவன் எடுக்கிற பேப்பராடா இது? மார்க் விழுற பேப்பரா பாத்து எடு" என்று சீனியர் ஒருவர் அப்போதே சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாததைக் கற்கத்தான் அனுப்புகிறார்கள். தெரியாததைத் தொட்டுத் தடுமாறினால் தொகை நின்றுவிடும். இந்த முடிச்சை எந்த விண்ணப்பப் படிவமும் சொல்வதில்லை.

தொகையை நிறுத்தி வைத்திருப்பதாகவும், 15 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் கடிதம் வந்தது. விளக்கக் கடிதத்தோடு மதிப்பெண் பட்டியல், பேராசிரியரின் பரிந்துரை, அடுத்த செமஸ்டருக்கான படிப்புத் திட்டம் ஆகியவற்றையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள். மற்றதெல்லாம் ஒரு நாள் வேலை. விளக்கத்தை எழுதத்தான் கை வரவில்லை. கடைசியில், தேர்வுக்கு முன் காய்ச்சல் என்று எழுதி, பரிந்துரை கேட்டுப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன்.

அவர் படித்துவிட்டு, "காய்ச்சல் ரெண்டு நாள்தானே? மீதி நாலு மாசம் என்னாச்சு?" என்றார்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கணக்குப் பயிற்சி வகுப்புகளுக்கு நான் பெரும்பாலும் போகவே இல்லை. போன அன்றும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எழுதுவதுபோல் குனிந்திருந்தேன். சந்தேகம் கேட்டால், 'இவனுக்கா உதவித்தொகை கொடுத்தார்கள்?' என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம். அதையே எழுதச் சொன்னார். எழுதினேன். பரிந்துரைக்கு ஒரு நிபந்தனையும் போட்டார்: இனி ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் ஒரு கணக்கையாவது நான் போர்டில் போட வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு அவகாசம் கொடுத்தார்கள். முதல் நாள் எனக்கு வந்த கணக்கு இது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு நோய். அதைக் கண்டறியும் சோதனை, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும். சோதனையில் 'நோய் உண்டு' என்று வந்த ஒருவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? நான் 99 சதவீதம் என்று எழுதினேன். பின்னால் திரும்பிப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பேரின் நோட்டிலும் அதே 99. லட்சம் பேரை வைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். நோயாளிகள் 100 பேர். அவர்களில் 99 பேருக்கு 'உண்டு' என்று வரும். நோயில்லாத 99,900 பேரில் 999 பேருக்குத் தவறாக 'உண்டு' என்று வரும். மொத்தம் 1,098 பேரில் நோயாளி 99 பேர்தான். விடை ஏறக்குறைய 9 சதவீதம். கணக்கைவிட அந்தப் பாதி வகுப்புதான் எனக்கு ஆறுதல். இத்தனை நாள் இவர்களுக்கெல்லாம் தெரியும் என்று நினைத்தல்லவா ஒளிந்துகொண்டிருந்தேன்!

எங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் ராமானுஜன் படம் ஒன்று மாட்டியிருந்தது. மேதை என்று மட்டும்தான் அதன் கீழே எழுதியிருக்கும். 1904-இல் உதவித்தொகையோடு கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தோற்று அதை இழந்தார் என்பதை அந்தச் செமஸ்டரில்தான் படித்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது 1913-இல். நடுவில் போன வருடங்களைப் படத்துக்குக் கீழே யாரும் எழுதுவதில்லை. மேரி கியூரியும் பாரிஸில் படிக்கும்போது, 1893-இல், 600 ரூபிள் உதவித்தொகை பெற்றவர். பிறகு ஆய்வில் சம்பாதித்த முதல் பணத்திலிருந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். அது கடனே அல்ல. ராமானுஜன் எனக்குத் தைரியம் தந்தார். மேரி கியூரி, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான் தந்தார்.

செமஸ்டர் முடிவில் சராசரி 8.1. தொகை புதுப்பிக்கப்பட்டது. அந்த வருட நன்றிக் கடிதத்தில் 7.6-ஐயும் எழுதினேன், கடைசி பெஞ்சையும் எழுதினேன், அந்த 9 சதவீதத்தையும் எழுதினேன். அனுப்பிய பிறகு இரண்டு வாரம் வயிற்றைக் கலக்கியது.

முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இதற்கு வந்தது, ஒரே ஒரு வரி: 'அந்த 9 சதவீதம் எப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை, விளக்க முடியுமா?'

இரண்டு பக்கம் எழுதினேன்.