கம்ப்யூட்டர் வேலைக்குப் போனா தனிமரம் ஆயிடுவோமா?

சித்தி பொண்ணு பிளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு காத்துட்டு இருக்கா. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50னு போட்டு 200க்கு கட் ஆஃப் நல்லாவே வந்திருக்கு, நல்ல காலேஜ்ல சிஎஸ்இ, அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், கிடைச்சிடும், ஊரே அதத்தான் எடுக்க சொல்லுது. இவளுக்குத்தான் ஒரு பயம். "அக்கா, கோடிங் பிடிக்குது, ஆனா ஆயுசு பூரா ஸ்கிரீனையே பாத்துட்டு யார்கிட்டயும் பேசாம இருந்தா நான் லூசாயிடுவேன்க்கா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பிருக்கா. நான் சாஃப்ட்வேர்ல இருக்கறதால வழக்கமா என்கிட்ட சம்பளம் எவ்ளோ, ஏஐ வந்தா வேலை போயிடுமா, லே ஆஃப் இருக்கா இதான் கேப்பாங்க. இத யாரும் கேட்டதில்ல. பதில் வாட்ஸப்ல அடங்காது போல இருந்துச்சு, அதான் இங்க எழுதறேன்.

முதல்ல ஒண்ணு. சாஃப்ட்வேர் வேலைனா இருட்டு ரூம்ல ஹெட்போன் மாட்டிட்டு ஒருத்தர் தட்டிட்டே இருப்பார்னு சினிமா காட்டிருக்கு பாருங்க, அத மறந்துடணும். காலைல ஸ்டாண்ட்அப்னு டீமோட ஒரு சின்ன மீட்டிங், அப்புறம் டெஸ்டர் வந்து இது 'பக்', அதாவது தப்புன்னு சொல்லுவாங்க, நாம "இல்ல, அது ஃபீச்சர், வேணும்னேதான் அப்படி வெச்சோம்"னு சொல்லுவோம், அந்த சண்டை மதியம் வரைக்கும் ஓடும், நடுவுல புதுசா சேந்த பையனுக்கு வேலைய சொல்லிக் குடுக்கணும், எழுதின கோட ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணி "இத ஏன் இப்படி எழுதின"ன்னு கேப்பாங்க, சாயங்காலம் ஆனா கிளையன்ட் கால். யாரும் கூப்பிடாம ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல கோட் எழுத முடிஞ்சா எங்களுக்கு அன்னிக்கு தீபாவளி. 1990கள்லயே கென்ட் பெக்னு ஒருத்தர் ரெண்டு பேர் ஒரே மெஷின் முன்னாடி உக்காந்து சேந்து எழுதணும்னு ஒரு முறையவே பரப்பினார், ஜோடியா எழுதறதால அதுக்கு 'பேர் புரோகிராமிங்'னு பேரு, இன்னிக்கும் சில கம்பெனிகள்ல அப்படித்தான். அதனால பேச ஆள் கிடைக்காதுங்கறது இந்த வேலையோட பிரச்சனையே இல்ல.

அப்ப தனிமை இல்லையான்னா, இருக்கு. நல்லாவே இருக்கு. ஆனா அது கம்ப்யூட்டர்லேர்ந்து வரல, அதச் சுத்தி இருக்கற ஏற்பாட்டுலேர்ந்து வருது. ஷிஃப்ட், வீட்லேர்ந்து வேலை, ஊர் மாறுறது, புராஜெக்ட் முடிஞ்சதும் டீமையே கலைச்சு விடறது. நாள் பூரா பேசின பேச்செல்லாம் டிக்கெட் பத்தியும் ரிலீஸ் பத்தியும்தான் இருக்கும், சாப்ட்டியான்னு ஒருத்தர் கேட்டிருக்க மாட்டாங்க. நைட் ஷிஃப்ட் சப்போர்ட்ல இருந்த என் ரூம்மேட் ஒருத்தி காலைல கேப்ல வந்து எறங்குவா, நாங்க அப்பதான் கிளம்பிட்டு இருப்போம், ஒரே ரூம்ல இருந்தும் அவகிட்ட உருப்படியா பேசறதுன்னா ஞாயித்துக்கிழமைதான். அவ வேலைல என்னவோ ராத்திரி பூரா அமெரிக்காக்காரங்களோட பேசிட்டேதான் இருப்பா.

2020 மார்ச்சுல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினப்ப எனக்கு ஜாலியாதான் இருந்துச்சு, ஐடி கம்பெனிங்க இருக்கற ஓஎம்ஆர் ரோட்டு டிராஃபிக் இல்ல, பிஜி ஹாஸ்டல் சாப்பாடு இல்ல, அம்மா கையால தோசை. கொஞ்ச மாசம் போனதும் என்னமோ குறையுதுன்னு தோண ஆரம்பிச்சுது. ஃப்ரெண்ட்ஸோட தினமும் போன்ல பேசிட்டுதான் இருந்தேன், குறைஞ்சது அவங்க இல்ல. லிஃப்ட்ல பாக்கற வேற டீம் பொண்ணு, ஐடி கார்டு மறந்துட்டு வந்தா சிரிச்சுட்டே உள்ள விடற செக்யூரிட்டி அண்ணா, டீக்கடைல பக்கத்துல நின்னு மேனேஜர திட்டற யாரோ ஒருத்தர், இந்த மாதிரி பாதி தெரிஞ்சவங்க. மார்க் கிரனோவெட்டர்ங்கற அமெரிக்க சமூகவியலாளர் 1973லயே இந்த அரைகுறை பழக்கத்தோட பலத்த பத்தி எழுதிட்டார், நெருங்கின ஃப்ரெண்டுக்கு தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சிருக்கும், புது வேலை பத்தின தகவல் வர்றது இந்த மாதிரி தூரத்து பழக்கம் வழியாதான் அதிகம்னு. எங்க ஃபீல்டுல அடுத்த வேலைக்கு நம்ம பேர சொல்லி விடற ரெஃபரல் எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா அது அப்படியே உண்மை. வீட்டுக்குள்ளயே இருந்தா மனசு மட்டும் இல்ல, கெரியரும் அடி வாங்குது.

இதுல பொண்ணுங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு, தங்கச்சிக்கு இப்ப சொன்னா புரியுமான்னு தெரியல. கல்யாணம் ஆனதும் "வொர்க் ஃப்ரம் ஹோம் இருக்குல்ல, அப்புறம் என்ன கவலை"ன்னு மாப்ள வீட்ல ரொம்ப சந்தோஷப்படுவாங்க. கேக்க நல்லாதான் இருக்கும். நடக்கறது என்னன்னா புது ஊர், புது வீடு, தெரிஞ்ச முகம் ஒண்ணு கிடையாது, ஆபீஸ் கால் பேசிட்டு இருக்கும்போதே குக்கர் விசில் எண்ணணும், கூரியர் வாங்கணும், சொந்தக்காரங்க வந்தா காபி போடணும், ஏன்னா நீ "வீட்லதான" இருக்க. வேலை பாக்கறவளுக்கு உள்ள மரியாதையும் கிடைக்காது, வீட்ல இருக்கறவளுக்கு உள்ள ஓய்வும் கிடைக்காது. என் கூட வேலை பாத்த ஒருத்தங்க வாரத்துல ரெண்டு நாளாவது ஆபீஸ் வர சொல்லுங்கன்னு மேனேஜர்கிட்ட அவங்களே கெஞ்சி வாங்கிட்டு வந்தாங்க, வேலைக்காக இல்ல, லஞ்ச் டப்பாவ திறந்து நாலு பேரோட சாப்பிடறதுக்காக!

அதனால கம்ப்யூட்டர் வேலையா வேற வேலையான்னு யோசிக்காம, கம்ப்யூட்டர்லயே எந்த மாதிரி வேலைன்னு யோசிக்க சொல்றேன். ஃப்ரீலான்ஸ், படத்துக்கு லேபிள் போட்டு எண்ணிக்கைக்கு காசு வாங்கற டேட்டா வேலை, வேற நாட்டு நேரத்துல ஓடற முழு ரிமோட் கம்பெனி, இதெல்லாம் ஆரம்பத்துலயே எடுத்தா கஷ்டம். பிசினஸ் அனலிஸ்ட், டெஸ்டிங், ட்ரெயினிங் இதுலல்லாம் ஆளுங்க கூடத்தான் புழக்கம். எனக்கு ரொம்ப பிடிச்சது இம்ப்ளிமென்டேஷன் வேலை, அதாவது செஞ்ச சாஃப்ட்வேர வாங்கினவங்க இடத்துக்கே போய் ஓட வெக்கறது. ஒரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேருக்காக பில்லிங் கவுன்டர் அக்கா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, அவங்க எந்த பட்டன எங்க தேடறாங்கன்னு பாத்துட்டே இருக்கணும், நடுவுல நர்ஸ் வந்து "மேடம், இது பழைய நோட்டே நல்லா இருந்துச்சு"ன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டு போவாங்க. ஸ்கிரீன் முன்னாடிதான் வேலை, ஆனா அந்த வார்டுல பாதி பேருக்கு என் பேர் தெரியும்.

ஊர விட்டு வந்தாதான் வேலைங்கறதும் இப்ப கொஞ்சம் மாறிட்டு வருது, ஸோஹோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி 2011லயே தென்காசி பக்கம் மத்தளம்பாறைல ஆபீஸ் ஆரம்பிச்சுட்டாங்க. சொந்த ஊர் பக்கத்துல ஆபீஸ், சாயங்காலம் வீடு, இது எல்லாருக்கும் கிடைக்காது, கிடைச்சா விடக்கூடாதுன்னுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணும் அவகிட்ட சொல்லணும். தனியா இருக்கறது வேற, தனிமைல தவிக்கறது வேற. எனக்கு ஒரு பிரச்சனைய மணிக்கணக்கா தனியா நோண்டறது பிடிக்கும், அதுல ஒரு ஏக்கமும் கிடையாது. கல்யாண மண்டபத்துல நானூறு பேர் நடுவுல உக்காந்துட்டு ஏங்கறவங்களும் இருக்காங்க. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல ஒரு அறிக்கை விட்டாங்க, உலகத்துல ஆறுல ஒருத்தர் தனிமைல தவிக்கறாங்களாம், 13லேர்ந்து 29 வயசுக்குள்ள 17லேர்ந்து 21 சதவீதம் பேர், அதுலயும் டீன் ஏஜ் பசங்கதான் அதிகமா சொல்லிருக்காங்க. டீன் ஏஜ்ல எவன் சாஃப்ட்வேர் கம்பெனில வேலை பாக்கறான்? அவளோட பயம் வேலைய பத்தினதா, இல்ல இப்ப பிளஸ் டூ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஆளுக்கொரு ஊருக்கு போறதால வந்ததான்னு எனக்கு சந்தேகமாவே இருக்கு. சித்திகிட்ட இத சொல்லல.

சென்னை வந்தான்னா சென்னைபைன்னு பைத்தான்ங்கற புரோகிராமிங் மொழி ஆளுங்க மாசாமாசம் நாலாவது சனிக்கிழமை கூடுவாங்க, காஞ்சி லினக்ஸ் குரூப் இருக்கு, கம்ப்யூட்டர் விஷயங்கள தமிழ்ல சொல்லித்தர கணியம் இருக்கு, எங்கயும் காசு கிடையாது, ஸ்டூடன்ட்னா தாராளமா போலாம். ஆனா சாஃப்ட்வேர்காரங்களோட மட்டுமே பழகினா கடைசில பேச்சு இஎம்ஐ, அப்ரைசல்லதான் வந்து நிக்கும். ஷட்டில் ஆடறவங்க, கோயில்ல கோலம் போடறவங்க, அப்பார்ட்மென்ட் பசங்க, யாரா இருந்தாலும் சரி, நம்ம டெசிக்னேஷன் தெரியாத நாலு பேர் வேணும். கம்பெனி ஈசிஆர் ரிசார்ட்டுக்கு கூட்டிட்டு போற டீம் அவுட்டிங்லாம் இந்த கணக்குல வராது, அங்கயும் மேனேஜர் ஜோக்குக்கு சிரிக்கணும்.

இந்த பயத்துக்காக சிஎஸ்இ வேணாம், மெக்கானிக்கலோ ட்ரிபிள் இயோ (எலக்ட்ரிகல்) எடுக்கறேன்னு வேற சொல்லிட்டு இருக்கா. அந்த சப்ஜெக்ட் நெஜமா பிடிச்சா தாராளமா எடுக்கட்டும். கம்ப்யூட்டர்லேர்ந்து தப்பிக்கறதுக்காக எடுக்கறதுன்னா ஒண்ணே ஒண்ணு சொல்றேன், என் பக்கத்து சீட்ல ஜாவா எழுதறவர் மெக்கானிக்கல், எதிர் சீட் சிவில், எங்க டீம் லீட் ட்ரிபிள் இ.