மைதானத்துக்குக் கோடு போட்டவர்

உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். எந்தப் பயிற்சியாளரைப் பற்றிப் படித்தாலும், அவர் வென்ற கோப்பைகளைவிட மைதானத்துக்குக் கோடு போட்டது யார் என்பதைத்தான் முதலில் தேடுவேன். எடி ராபின்சன் அதையும் தானே செய்தவர்.

1941இல், 22 வயதில், லூசியானா மாநிலத்தின் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அதற்கு முன் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்தவர். கல்லூரியில் புல் வெட்டினார், வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தியும் எழுதினார். முதல் பருவத்தில் தோல்விகளே அதிகம். அடுத்த ஆண்டு ஆடிய 9 ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகளால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை!

வழியோர உணவகங்கள் கறுப்பினத்தவரை உள்ளே விடாத காலம் அது. வெளியூர் ஆட்டங்களுக்குச் சாண்ட்விச் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். காலையில் அவரே மணியடித்துக்கொண்டு விடுதியைச் சுற்றி வந்து, மாணவர்களை எழுப்பி வகுப்புக்கு விரட்டுவார். வென்ற ஆட்டங்களைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பையன் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்ற கவலை இல்லாதவர் விடிந்ததும் விடுதிக்கு ஏன் போகப்போகிறார்?

1949இல் அவருடைய மாணவர் டேங்க் யங்கர், ராம்ஸ் என்ற தொழில்முறை அணியில் இடம்பிடித்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தொழில்முறை லீக்குக்குப் போன முதல் வீரர் அவர். பின்னால் 200க்கும் மேற்பட்டோர் கிராம்ப்ளிங்கிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான டக் வில்லியம்ஸ் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 1988இல் சிறந்த வீரர் விருது பெற்றார். அணியின் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் இடத்துக்குக் கறுப்பினத்தவர் சரிப்படமாட்டார் என்று பேசிவந்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

ராபின்சனின் கடைசிப் பருவங்கள் சோபிக்கவில்லை. 1996இல் அவரை விலக்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. எதிர்ப்பு கிளம்பவே, இன்னும் ஓராண்டு தந்தார்கள். அந்த ஓராண்டிலும் தோல்விகளே மிகுந்தன. இருந்தும் அதைக் கொடுத்தது சரி என்பேன். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே கல்லூரிக்கு உழைத்தவர் விடைபெறும் நாளைத் தானே அறிந்து விடைபெற வேண்டும். 1997இல் 408 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கிராம்ப்ளிங் தன் கல்லூரி லீக்கின் சாம்பியன் ஆனது.