சொந்தக் குதிரை இல்லாமலே குதிரைப் பராமரிப்பு கற்றுக்கொள்ளலாம்

குதிரைப் பராமரிப்பில் ஆரம்ப நிலைத் தேர்வுக்கு நான் தயாரானபோது எனக்குச் சொந்தமாகக் குதிரை கிடையாது, இன்றும் கிடையாது. தேர்வில் தேறினேன். அதே நிலையில் இருப்பவர்கள் பலர் "குதிரை வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அப்படித் தள்ளிப்போடாதீர்கள். பராமரிக்கத் தெரியாமல் குதிரை வாங்கினால் அந்தக் குதிரைதான் கஷ்டப்படும். இன்னொன்று, சொந்தக்காரர் பெரும்பாலும் தன் ஒரு குதிரையை மட்டுமே அறிவார். நமக்கோ பல குதிரைகளோடு பழகும் வாய்ப்பு உண்டு. இது சின்ன விஷயமல்ல.

முதலில் தேர்வில் என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் முதல் நிலைப் பராமரிப்புத் தேர்வாக இருந்தாலும், சிறுவர்களுக்கான குதிரைச் சவாரி அமைப்பான போனி கிளப்பின் தொடக்கச் சான்றிதழாக இருந்தாலும், அடிப்படை ஒன்றுதான்: குதிரையைப் பிடித்துக் கட்டுவது, தேய்த்துச் சுத்தம் செய்வது, குளம்பு பார்ப்பது, தீவனம், லாயம் கூட்டுவது, சேணமும் கடிவாளமும், நோய் அறிகுறிகள். இதில் கணிசமான பகுதியைக் குதிரை பக்கத்தில் இல்லாமலே பழகலாம். அமெரிக்காவில் 4-எச் இளைஞர் அமைப்பு குதிரை இல்லாத பிள்ளைகளுக்கென்றே தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. குதிரை அறிவைச் சோதிக்கும் போட்டிகளையும் நடத்துகிறது. அவற்றில் பங்கேற்க யாரும் சொந்தக் குதிரையைக் கொண்டுவர வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு, இழுத்தால் உடனே அவிழும் முடிச்சை நாற்காலிக் காலில் போட்டுப் பழகுங்கள். பார்க்காமல், கையுறையோடு, இரண்டு கையாலும் போட வர வேண்டும். குதிரையைக் கட்டும்போது இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், எளிதில் அறுந்துபோகும் சணல் கண்ணி ஒன்றை இடையில் வைப்பார்கள். குதிரை மிரண்டு பின்னால் இழுத்தால் சணல் அறும், கழுத்துக்கு ஆபத்து வராது. இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பழைய கடிவாளம் ஒன்று இரவலாகக் கிடைத்தால் முழுதாகப் பிரித்துத் துடைத்து மறுபடி கோத்துப் பாருங்கள். வார்களின் பெயர்கள் கைவழியாகவே மனதில் ஏறிவிடும்.

அப்புறம் தீவனக் கணக்கு. குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்ந்த தீவனம் வேண்டும். அதில் பெரும்பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்க வேண்டும். எடை மேடை இல்லாத இடத்தில் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்ததை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து புட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறத்தாழ வரும். சுற்றளவு 180 செ.மீ., நீளம் 165 செ.மீ. என்றால் 450 கிலோ. அந்தக் குதிரைக்கு நாளொன்றுக்கு 6.75 முதல் 9 கிலோ. ஒரு கட்டு காய்ந்த புல்லைத் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு தவறும் என்று உடனே தெரியும். தானியத்தை ஒரே வேளையில் நிறையப் போடாமல் பிரித்துப் போடுவதற்கும் காரணம் உண்டு. உடலின் அளவோடு ஒப்பிட்டால் குதிரையின் இரைப்பை சிறியது, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு மெல்ல மாற்ற வேண்டும். தீவனம் பற்றிய எந்தக் கேள்விக்கும் இந்த உடலமைப்பிலிருந்தே பதில் தொடங்கலாம்.

சரி, குதிரைக்கு எங்கே போவது? சவாரிப் பள்ளிகள், கைவிடப்பட்ட குதிரைகளைக் காக்கும் காப்பகங்கள், குதிரைவழிச் சிகிச்சை மையங்கள் எல்லாவற்றிலும் ஆள் தேவை இருக்கும். "குதிரையோடு பழக ஆசை" என்று கேட்பதைவிட, "காலையில் லாயம் கூட்டவும் தண்ணீர்த் தொட்டி கழுவவும் வரலாமா?" என்று கேளுங்கள். வருவதாகச் சொன்ன நேரத்தில் போய் நில்லுங்கள். லாயத்தை நடத்துபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். நம்பிக்கை வந்த பிறகு குதிரையைத் தேய்க்கவும் நடத்திச் செல்லவும் அவர்களே கூப்பிடுவார்கள். கட்டணப் பாடம் எடுப்பவராக இருந்தால், சவாரிக்கு முன்னும் பின்னும் குதிரையைத் தேய்ப்பது, நடத்திச் செல்வது போன்ற தரைவேலையைக் கற்றுத்தரும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். குதிரை மேல் உட்காரும் நேரத்தைவிட அந்த நேரம்தான் இந்தத் தேர்வுக்கு உதவும்.

சாணம் அள்ளுவதைக் கீழான வேலையாக நினைக்காதீர்கள். நான் அதிகம் கற்றது அங்கேதான். நேற்றைவிடச் சாணம் குறைந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, செரிக்காத தானியம் தெரிகிறதா, படுக்கை எப்படிக் கலைந்திருக்கிறது, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பார்த்தால், இரவு முழுக்கக் குதிரை எப்படி இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். சாணம் போடாத, தீவனம் தொடாத, திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிற, தரையைக் குளம்பால் சுரண்டுகிற குதிரைக்குக் கோலிக் எனப்படும் வயிற்றுவலி இருக்கலாம். அப்போது தீவனத்தை எடுத்துவிட்டு உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நாமாக மருந்து கொடுக்கக் கூடாது.

ஆரோக்கியமான குதிரை எப்படி இருக்கும் என்பதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இது பெரிய வேலை. ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். எண்கள் எளிது, எடுப்பதுதான் பழக்கம். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கயிறு போல ஒரு நாளம் உருளும், நாடி அங்கே கிடைக்கும். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். மூச்சை விலாவின் அசைவைப் பார்த்து எண்ணலாம், தொடவே வேண்டாம். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெப்பமானியை மட்டும் அனுபவசாலி பக்கத்தில் நின்று காட்டித்தரும்போது பயன்படுத்துங்கள்.

லாயத்தில் அனுமதி வாங்கி, வெவ்வேறு குதிரைகளுக்கு இவற்றை எடுத்துக் குறித்து வையுங்கள். வயதான குதிரை, இளையது, ஓடிவிட்டு வந்தது, சும்மா நின்றது என்று எல்லாவற்றையும் பாருங்கள். உடல்வாகுக்கு அமெரிக்க ஆய்வாளர் டான் ஹென்னிக் 1983இல் வெளியிட்ட 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரையான மதிப்பெண் முறை இருக்கிறது. கழுத்து, பிடரி முடியும் மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வால் தொடங்கும் இடம் என ஆறு இடங்களைக் கையால் தடவி மதிப்பிட வேண்டும். குளிர்காலத்து அடர்ந்த மயிர் மெலிவை மறைத்துவிடும், அதனால்தான் கை வேண்டும். நீங்கள் போட்ட மதிப்பெண்ணை அனுபவசாலி போட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே குதிரை வைத்திருப்பவருக்கு இந்தப் பயிற்சி கிடைக்காது.

குளம்புக்கும் இதே போலப் பல கால்கள் பார்க்க வேண்டும். குளம்பு கொக்கியைக் குதிகாலிலிருந்து முனை நோக்கி இழுங்கள். நடுவில் உள்ள முக்கோணமான, ரப்பர் போன்ற பகுதியைக் குத்தாதீர்கள், அதன் இருபக்கப் பள்ளங்களை மட்டும் சுத்தம் செய்யுங்கள். கறுத்த கசிவும் நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கியிருக்கிறது. குளம்பின் வெப்பத்தையும் தொட்டுப் பாருங்கள். சூடான குளம்பு, கணுவுக்குக் கீழே பலமாக அடிக்கும் நாடி, நடக்கத் தயக்கம் மூன்றும் சேர்ந்தால் லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பின் உள் அழற்சியாக இருக்கலாம், அதுவும் அவசர நிலைதான். லாடம் அடிப்பவர் வழக்கமாக 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வருவார். அந்த நாளில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க முன்வாருங்கள். ஒரே காலையில் பல குளம்புகள் வெட்டிச் சீராக்கப்படுவதைப் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

பல லாயங்களுக்குப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற தொற்றுகள் கை, உடை, வாளி, தூரிகை வழியாக இன்னொரு குதிரைக்குப் போகும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகுமுன் கை கழுவி, காலணி சுத்தம் செய்து, உடை மாற்றுங்கள். கேட்காமல் எந்தக் குதிரைக்கும் எதுவும் ஊட்டாதீர்கள், அதன் உணவுக் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியாது. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, குதிரை அருகே மண்டியிடக் கூடாது. அதன் நேர் பின்புறமும் மூக்குக்கு மிக அருகேயும் அதற்குத் தெரியாத இடங்கள். அதனால் குரல் கொடுத்தபடி தோள் பக்கமாக அணுகுங்கள். தலைக்கவசம், கையுறை, கனமான காலணி எப்போதும் வேண்டும்.

தேர்வுக்கு முந்தைய வாரங்களில் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "இப்போது இந்தக் காலைத் தூக்குகிறேன், ஏனென்றால்..." என்று. கை பழகியிருந்தும் காரணம் சொல்ல வராமல் திணறுகிறவர்கள் உண்டு. லாயத்தில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள், குறிப்பாக உங்களுக்குப் பழக்கமில்லாத குதிரையின் முன்னால். ஏனென்றால் தேர்வில் வருவதும் அறிமுகமில்லாத குதிரைதான். சொந்தக் குதிரையிடம் மட்டும் பழகியவர்கள் அங்கே தடுமாறலாம். நாம் ஏற்கெனவே பல குதிரைகளிடம் புதிதாக அறிமுகம் செய்துகொண்டவர்கள். குதிரை காதை மடக்கிப் பின்னங்காலைத் தூக்கினால் வேலையை நிறுத்தி விலகி நின்று, தேர்வாளரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். பாதுகாப்பை முதலில் வைக்கிறீர்களா என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள்.