அவனவன் கையில் இருப்பதே அவனவனுக்கு எமன்: டேல்ஸ் ஃப்ரம் த ஹூட் 2

பேய்க் கதைகளைக் கோத்து எடுக்கும் ஆந்தாலஜி படங்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1950களின் அமெரிக்கக் காமிக்ஸில் ஊறி வளர்ந்தது. எதை வைத்து ஒருத்தன் தப்பு செய்தானோ, அதுவே அவனைத் தீர்த்துக்கட்டும். நமக்கு அது முன்பே தெரிந்துவிடும், அவனுக்குக் கடைசியில்தான் தெரியும். பயமும் சிரிப்பும் அந்த நடுநேரத்தில்தான் விளைகின்றன.

1995இல் ரஸ்டி கண்டீஃபும் டேரின் ஸ்காட்டும் 'டேல்ஸ் ஃப்ரம் த ஹூட்' முதல் பாகத்தில் இந்தக் கணக்கைக் கறுப்பின மக்களின் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையாகி, லாஸ் ஏஞ்சலீஸ் பற்றி எரிந்து மூன்றே வருடம் ஆகியிருந்த நேரம். 2018இல் வந்த இரண்டாம் பாகம் தியேட்டர் பக்கம் போகாமல் நேராக டிஸ்க்கிலும் டிஜிட்டலிலும் வந்தது. பட்ஜெட் இளைத்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. முதல் பாகத்தின் பொம்மைகளை எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் சியோடோ பிரதர்ஸ் உயிர்ப்பித்திருந்த விதத்தை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்க உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் மற்ற கதைகளைக் கோக்கும் சட்டகக் கதையில் இரண்டாம் பாகம் ஒரு படி மேலே. குற்றவாளியை முன்கூட்டியே அடையாளம் காணும் ரோபோ போலீஸைத் தயாரிக்கிறான் ஒரு வெள்ளைக்காரத் தொழிலதிபர். அந்த ரோபோவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க, கதை சொல்லும் சிம்ஸை (கீத் டேவிட், குரலாலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறார்) வரவழைக்கிறான். கதைகள்தான் ரோபோவுக்குத் தீனி. தீனி எப்படியோ தீர்ப்பும் அப்படி. அது யாரைக் குற்றவாளி என்று கைகாட்டப்போகிறது என்பது பத்தாவது நிமிடத்திலேயே புரிந்துவிடும்; புரிந்தும் ரசிக்கலாம்.

முதல் கதை, இனவெறிப் பொருட்களைச் சேர்த்துவைத்த மியூசியத்தில் நடக்கிறது. மிச்சிகனில் ஃபெரிஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நிஜமாகவே அப்படி ஒன்று இருக்கிறது. 1895இல் ஒரு குழந்தைகள் புத்தகத்தில் பிறந்த, கறுப்பினத்தவரைக் கேலியாகக் காட்டும் கோலிவாக் பொம்மையை 'சின்ன வயசு ஞாபகம்' என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் விலைக்குக் கேட்கிறாள். மியூசியக்காரர் மறுத்து விளக்கம் சொல்கிறார். அந்த விளக்கம்தான் நீளம். பொம்மை செய்யவேண்டிய வேலையை வசனம் முன்கூட்டியே செய்துவிடுவதால், பிறகு வரும் ரத்தத்தில் பாதி வீண்.

டிவியில் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஆளின் கதையில் சிரிப்பு நடிகர் பிரையன் பேட்டின் உடல்மொழியால் ஓடுகிறது. கதையாகப் பார்த்தால் லேசானது. டேட்டிங் கதை சின்னது, கச்சிதம். பெண்களை மயக்கிப் படமெடுக்க கேமராவோடு வந்த இரண்டு பேருக்கு, அந்தக் கேமராவே கெட்ட செய்தி சொல்கிறது: எதிரில் கிடக்கும் பெண்கள் அதில் தெரியவில்லை, அவர்கள் ரத்தக் காட்டேரிகள். ஒரே ஷாட். வசனமே தேவைப்படவில்லை.

கடைசிக் கதை 'த சாக்ரிஃபைஸ்'. மிசிசிப்பியில் ஒரு கறுப்பின அரசியல்வாதி, தன் மக்கள் பகுதிகளில் வாக்குச்சாவடிகளை மூடும் வேட்பாளருக்கு வேலை செய்கிறார். 1965 வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான கடிவாளத்தை (சில மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதை) 2013இல் உச்ச நீதிமன்றம் தளர்த்திய பிறகு, இது கற்பனையே இல்லை. அவரைத் தேடி வருவது எமெட் டில். 1955இல், 14 வயதில், அதே மிசிசிப்பியில் வெள்ளையர்களால் அடித்துச் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினப் பையன். கதையின் கேள்வி, அவனும் மற்றவர்களும் அன்று சாகாமல் இருந்திருந்தால் உனக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதுதான். அரசியல்வாதியின் மனைவி வெள்ளைக்காரி. அந்தத் திருமணம் அந்த மாநிலத்தில் 1967 வரை சட்டப்படி குற்றம். அதே பழைய கணக்குதான், ஆனால் இங்கே ஆயுதம் கேமராவோ பொம்மையோ இல்லை, அவர் அனுபவித்துக்கொண்டே மற்றவர்களுக்கு மூடப்பார்க்கும் உரிமை.

இதில் சிரிப்பை ஒதுக்கியது சரியான முடிவு. கடைசியில் வைத்ததும் சரி, இதற்குப் பின்னால் எந்தக் கதையும் நிற்காது. உறுத்துவது ஒன்றுதான்: அடுத்த நொடியே ரோபோ கிண்டலுக்குத் தாவிவிடுகிறார்கள். அரை நிமிடம் கறுப்புத் திரை விட்டிருக்கலாம். வீட்டில் பார்ப்பவர்கள் அந்த இடத்தில் தாங்களே பாஸ் பண்ணிக்கொள்ளுங்கள்.