சாக்ரடீஸுக்குக் கிடைத்த ஒரே ஒரு பகல்

ஏதென்ஸின் அட்ரியானு தெருவில் ஒரு பக்கம் வரிசையாக உணவகங்கள், எதிர்ப்பக்கம் இரும்பு வேலி. வேலிக்கு அப்பால் பள்ளத்தில் சில கற்களும் தூண்களின் அடிப்பாகங்களும் கிடக்கின்றன. அதை ஒட்டியே மெட்ரோ ரயில் தடதடவென்று போகிறது. சாப்பிட வருபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 18 மீட்டர் நீளம்தான் இருக்கும் அந்தக் கட்டடத்தின் பெயர் அரச மண்டபம். 1970-ல்தான் அகழ்ந்து எடுத்தார்கள். கி.மு. 399-ல், 70 வயது சாக்ரடீஸ் தன் மேல் வந்த பிராதுக்குப் பதில் சொல்ல வந்து நின்ற இடம் அது.

என்னுடன் வந்த தம்பி வக்கீல். இந்தப் பயணத்தில் எனக்கு வாய்த்த நல்ல விஷயம் அதுதான். நான் தத்துவம் பற்றி யோசித்துக்கொண்டு நடந்தால், அவன் வழக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தான். “அரசுத் தரப்பு வக்கீல் யாரு அக்கா?” அப்படி யாரும் கிடையாது. ஏதென்ஸில் எந்தக் குடிமகனும் இன்னொருவர் மேல் வழக்குப் போடலாம். இங்கே போட்டவன் மெலிட்டஸ் என்ற இளைஞன். அவனுக்குத் துணையாக அனிட்டஸ், லைக்கான் என்று இருவர். ஊர் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது குற்றச்சாட்டு. கேட்ட தண்டனை மரணம்.

தெருவிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து பழைய அகோராவுக்குள், அதாவது அந்நாளைய ஊர்ச் சந்தைவெளிக்குள், நுழைந்தோம். கிழக்கு ஓரத்தில் அட்டாலஸ் மண்டபம், 1950-களில் மறுபடி கட்டி எழுப்பியது. அதற்குள்தான் அருங்காட்சியகம். ஏதென்ஸுக்குப் போகிறவர்கள் அக்ரோபோலிஸில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது இங்கே செலவழிக்க வேண்டும் என்பேன். சிலைகளுக்காகச் சொல்லவில்லை. நீதிமன்றச் சாமான்கள் இங்கேதான் இருக்கின்றன.

நீர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. மேலே ஒரு மண்பானை, அதன் அடியில் சின்னக் குழாய். தண்ணீர் ஒழுகிக் கீழ்ப்பானையில் விழும். நிறைந்த பானை காலியாக ஆறு நிமிடம் ஆகும். சிறு வழக்குகளில் பேசுபவரின் நேரத்தை இப்படித்தான் அளந்தார்கள். பக்கத்தில் வெண்கல வாக்குச் சில்லுகள். சின்னத் தட்டு, நடுவில் ஓர் அச்சு. துளையுள்ள அச்சு என்றால் வாதிக்கு, துளையில்லாதது என்றால் பிரதிவாதிக்கு. அச்சின் முனைகளை விரல்களால் மூடிக்கொண்டு போய்ப் போட்டால் யாருக்கு வாக்களித்தோம் என்று வெளியே தெரியாது. இவை சாக்ரடீஸ் காலத்துக்குச் சற்றுப் பிந்தியவை. ஆனாலும் அந்த ஊர் தன் நீதிமன்றத்தை எவ்வளவு அக்கறையாக நடத்தியது என்பது புரிந்தது. லஞ்சத்துக்கும் மிரட்டலுக்கும் இடம் கொடுக்காமல் இருக்க அத்தனை யோசித்திருக்கிறார்கள். சுமார் 500 நடுவர்கள், எல்லோரும் 30 வயதைத் தாண்டிய சாதாரணக் குடிமக்கள், நாள்கூலி மூன்று ஓபல் என்ற சிறு காசுகள்.

“சரி, எத்தனை வாய்தா போனது?” என்றான் தம்பி.

வாய்தாவே கிடையாது. உயிர் போகிற வழக்கானாலும் ஒரே பகல். காலையில் குற்றச்சாட்டு, அப்புறம் எதிர்வாதம், வாக்கு. குற்றவாளி என்றானால் தண்டனை பற்றி இரு தரப்பும் மறுபடி பேச்சு, மறுபடி வாக்கு. அப்பீலும் இல்லை. அவன் அந்தப் பானையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். சாக்ரடீஸே இதைச் சொல்லி வருந்தியதாக அவருடைய சீடர் பிளேட்டோ எழுதியிருக்கிறார்: வேறு சில ஊர்களில் இருப்பது போல மரண தண்டனை வழக்கைப் பல நாள் விசாரிக்கும் சட்டம் இங்கே இருந்திருந்தால், உங்களை நம்பவைத்திருப்பேன், இவ்வளவு குறைந்த நேரத்தில் இத்தனை பெரிய அவதூறுகளைக் கலைக்க முடியவில்லை என்று. 30 வாக்குகள் இடம் மாறியிருந்தால் விடுதலை. அவருக்கே அது வியப்பாக இருந்தது. இன்னும் பெரிய வித்தியாசத்தில் தோற்போம் என்று எண்ணியிருந்தாராம்.

தண்டனைப் பேச்சில்தான் காரியம் கெட்டது. தனக்குரிய தண்டனை எதுவென்று சொல்லும் வாய்ப்பு வந்தபோது, ஒலிம்பிக் வீரர்களுக்குப் போடுவது போல எனக்கும் ஊர்ச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார். அப்புறம் ஒரு மினா அபராதம் என்றார். கடைசியில் பிளேட்டோவும் நண்பர்களும் ஜாமீன் நிற்க, 30 மினா என்றார். அது சின்னத் தொகை அல்ல, 3000 டிராக்மா வெள்ளிக் காசு. ஆனால் நடுவர்கள் காதில் முதல் பேச்சுதான் தங்கியது போலும். முதலில் குற்றமற்றவர் என்று வாக்களித்த 80 பேர் இரண்டாவது சுற்றில் மரணத்துக்கு மாறினார்கள் என்று பல நூற்றாண்டுக்குப் பிறகு, தத்துவவாதிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதினார்.

அகோராவின் மேற்கு ஓரத்தில் வட்டமான ஓர் அடித்தளம். தோலோஸ் என்று பெயர். பலகையை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அகோராவிலேயே முக்கியமான இடம் அதுதான். கி.மு. 404-ல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றதும் முப்பது பேர் கும்பல் ஒன்று ஆட்சியைப் பிடித்தது. எட்டு மாதத்தில் சுமார் 1500 பேரைக் கொன்றார்கள். அவர்கள் சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் இந்தத் தோலோஸுக்கு வரவழைத்து, சலாமிஸ் தீவுக்காரர் லியோனைப் பிடித்துவரச் சொன்னார்கள், கொல்வதற்கு. நால்வரும் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். ஆட்சி சீக்கிரமே கவிழாமல் இருந்திருந்தால் அதற்காகவே அவர் உயிர் போயிருக்கும்.

ஆனால் அந்த முப்பது பேரின் தலைவன் கிரிட்டியஸ், ஒரு காலத்தில் சாக்ரடீஸைச் சுற்றித் திரிந்தவன். ஊரைக் காட்டிக்கொடுத்த அல்சிபியாடிஸும் அப்படித்தான். மக்களாட்சி திரும்பிய பின் பொதுமன்னிப்பு அறிவித்ததால், பழைய அரசியலை வைத்து யார் மேலும் வழக்குப் போட முடியாது. அதனால் பிராதில் அந்தப் பெயர்கள் இல்லை. கி.மு. 345-ல் எஸ்கினிஸ் என்ற பேச்சாளர் நீதிமன்றத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: கிரிட்டியஸுக்குக் கற்றுக்கொடுத்தவர் என்பதால்தானே நீங்கள் சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று. அந்த 500 பேரில் அண்ணனையோ தகப்பனையோ இழந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர்களை முட்டாள் கூட்டம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. காயம் ஆறாத ஊர் அது. அதற்கு ஒரே பகலில் முடிவெடுக்கச் சொன்னதுதான் கொடுமை.

தோலோஸைத் தாண்டினால் அகோராவின் எல்லைக்கல், அதன் பக்கத்தில் செருப்புத் தைக்கும் சைமனின் வீடு. ஆணிகளும், சைமனின் பெயர் கீறிய கிண்ணத்தின் அடிப்பாகமும் கிடைத்த இடம். சாக்ரடீஸ் இவருடைய பட்டறையில் உட்கார்ந்து பேசுவாராம். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 100 மீட்டரில், போரோஸ் கட்டடம் என்று அழைக்கப்படும் இடிபாடு: நடுவில் நடை, இரு பக்கமும் சிறு அறைகள், கடைசியில் முற்றம். நகரச் சிறை இதுதான் என்று தொல்லியலாளர் யூஜின் வாண்டர்பூல் வாதிட்டார். இங்கே மருந்துக் குப்பி அளவில் 13 சிறு குப்பிகள் கிடைத்தன (விஷத்துக்காக இருக்கலாம்), சாக்ரடீஸின் சிறு பளிங்குச் சிலை ஒன்றும் கிடைத்தது. எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. நான் ஏற்கிறேன். ஓர் அறையில் தொட்டியும் பெரிய தாழியும் பதித்திருந்தன. சாவதற்கு முன் அவர் குளிக்கப் போனார் என்று பிளேட்டோ எழுதியதோடு அது பொருந்துகிறது. ஃபிலோபாப்பஸ் குன்றில் கம்பி போட்ட குகை ஒன்றை ‘சாக்ரடீஸின் சிறை’ என்று காட்டுகிறார்கள். அது அவருடைய சிறை அல்ல. இரண்டாம் உலகப்போரில் அருங்காட்சியகப் பொருள்களை அங்கே ஒளித்துவைத்தார்கள் என்பதற்காகப் போய்ப் பார்க்கலாம்.

ஒரு பகலில் தீர்ப்பு சொன்ன ஊர், அதை நிறைவேற்ற ஒரு மாதம் காத்திருந்தது. டெலோஸ் தீவுக்குப் புனிதக் கப்பல் போய்த் திரும்பும் வரை யாரையும் கொல்லக் கூடாது; தீர்ப்புக்கு முந்தின நாள்தான் கப்பலுக்கு மாலை சூட்டியிருந்தார்கள். 30 நாள் என்று அவருடைய இன்னொரு சீடர் செனோபோன் கணக்குச் சொல்கிறார். அந்த நாள்களில் ஒரு விடியலுக்கு முன் பழைய நண்பர் கிரீட்டோ வந்து தப்பிக்க வழி செய்திருப்பதாகச் சொன்னார். பணமும் தயார், தெசலியில் அடைக்கலமும் தயார். சாக்ரடீஸ் மறுத்துவிட்டார். 70 வருடம் இந்தச் சட்டங்களின் கீழ் மனமுவந்து வாழ்ந்துவிட்டு, எனக்கு எதிராகத் திரும்பியதும் உடைத்துக்கொண்டு ஓடுவதா என்றார். “தப்பான தீர்ப்புக்குக் கட்டுப்படணும்னு சட்டம் கேட்கலாம் அக்கா, நியாயம் கேட்குமா?” என்று தம்பி என்னோடு சண்டைக்கு வந்தான். சிறைச் சுவரின் அருகில் நின்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவனை என்னால் மறுக்க முடியவில்லை. சாக்ரடீஸையும் முடியவில்லை.

அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவை மாலைக்கு வைத்திருந்தோம். அங்கே டயோனிசஸ் அரங்கம். கி.மு. 423-ல் அரிஸ்டோஃபனிஸ் இங்கே ‘மேகங்கள்’ நாடகத்தைப் போட்டார். அதில் சாக்ரடீஸ் கூடைக்குள் தொங்கிக்கொண்டு வானத்தை ஆராயும் ஏமாற்றுக்காரர். விசாரணையில் அவர் மெலிட்டஸைவிட அஞ்சியது இதைத்தான். என் மேல் முதலில் குற்றம் சொன்னவர்கள் நீங்கள் சிறுவர்களாக இருந்தபோதே சொல்லிவிட்டார்கள் என்றார். 24 வருடச் சிரிப்பை ஒரு பகலில் எப்படிக் கலைப்பது?

அரங்கத்துக்கு மேலே அஸ்க்லீபியஸ் கோயிலின் தூண்கள். நோய் தீர்க்கும் தெய்வம். விஷம் குடித்து, கால் மரத்து, வயிறு வரை குளிர்ந்தபின் முகத்துணியை விலக்கி அவர் சொன்ன கடைசி வார்த்தை இந்தத் தெய்வத்தைப் பற்றியது: கிரீட்டோ, அஸ்க்லீபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறந்துவிடாமல் கொடுத்துவிடு. வாழ்க்கை என்ற நோயிலிருந்து விடுதலை கிடைத்ததற்கான காணிக்கை என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் தேடி நாளெல்லாம் சந்தையில் அலைந்த மனிதர் வாழ்க்கையை நோய் என்று நினைத்திருப்பாரா? யாருக்காகவோ நேர்ந்துகொண்ட சேவல் அது. தெய்வத்தை ஏற்கவில்லை என்று தீர்ப்பு வாங்கியவர், தெய்வத்துக்குப் பட்ட கடனைக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். கிரீட்டோவும் சரி என்றுதான் சொன்னார்.