ஜியு ஜிட்சு: ஆறு வாரம் ஒரே இடத்தில் கிடங்க

தரையில் உருண்டு, அமுக்கி, பிடிபோட்டு எதிராளியைப் பணியவைக்கும் பிரேசிலியன் ஜியு ஜிட்சு பழக ஆரம்பித்து ஆறு மாதமான ஒருவரிடம் என்னென்ன தெரியும் என்று கேட்டால் இருபது பிடியின் பெயராவது சொல்வார். தலைகீழாக உருண்டு முதுகைப் பிடிக்கும் பெரிம்போலோ கூட வரும். அதே ஆள் சைடு கண்ட்ரோலில், அதாவது எதிராளி மார்புமேல் குறுக்கே படுத்து அமுக்கும் நிலையில், மாட்டினால் ரவுண்டு முடியும்வரை மல்லாந்தே கிடப்பார். யூடியூப் பார்த்த கண் வேகமாகப் போகிறது, இடுப்பு போகவில்லை.

சீக்கிரம் தேற வேண்டுமென்றால் ஒரே ஒரு பொசிஷனை எடுத்துக்கொண்டு ஆறு வாரம் அங்கேயே கிடக்க வேண்டும். வெள்ளை பெல்ட்டுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்தவருக்கு, என் தேர்வு சைடு கண்ட்ரோலின் அடிப்பக்கம். முதல் வருடம் அதிக நேரம் கிடக்கப்போவது அங்கேதான்.

முறை இது. ஜோடி ஆள் உங்கள் மார்புமேல் குறுக்கே படுத்த நிலையிலிருந்து தொடங்குங்கள். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நாளைக்கு மூன்று. எதிராளியைக் கால்களுக்கு நடுவே தடுத்து வைக்கும் கார்டு திரும்ப வந்தாலோ, முட்டி போட்டு எழுந்தாலோ, தோல்வியை ஒத்துக்கொண்டு கையால் தட்டி டேப் அடித்தாலோ, உடனே மறுபடி அதே நிலை. ஐந்து நிமிடம் முழுசாக ரோல் செய்தால், அதாவது மல்லுக்கட்டினால், இந்த இடம் ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். இப்படிச் செய்தால் ஒரு ரவுண்டிலேயே நாலைந்து தடவை வந்துவிடும். முதல் இரண்டு வாரம் மேலே இருப்பவர் பாதி பலம்தான் போட வேண்டும், டேப் அடிக்க வைக்கும் பிடியான சப்மிஷன் கிடையாது. அடுத்த இரண்டு வாரம் முழு எடை. கடைசி இரண்டில் சப்மிஷனும் சேரட்டும். முதல் நாளே முழு பலத்தில் அமுக்கினால், கீழே கிடப்பவர் கற்றுக்கொள்வது மூச்சை அடக்க மட்டுமே.

மேலே இருப்பவர் உங்கள் வலப்பக்கம் படுத்திருக்கிறார் என்று வையுங்கள். வலது முன்கை அவர் இடுப்பெலும்பில், இடது முன்கை அவர் கழுத்துக்குக் கீழே. தள்ளுவதற்காக இல்லை, முட்டுக்கொடுக்க. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், குதிகால் இரண்டும் பிட்டத்துக்கு அருகில். முதலில் பாலம்: இடுப்பைத் தூக்கி அவர் எடையைத் தலைப்பக்கம் ஏற்றுங்கள். அவர் திரும்ப அமரும் அந்த நொடியில் வலது தோளில் ஒருக்களித்து, இடது காலால் தரையை உதைத்து, இறால் சுருள்வதுபோல் இடுப்பை அவரிடமிருந்து விலக்குங்கள். இடுப்பு விலகிய இடத்தில் வலது முழங்கால் அப்போதே உள்ளே நுழைய வேண்டும்.

பெரும்பாலும் சொதப்புவது மூன்று இடங்களில். கையை நீட்டித் தள்ளுவது: நீட்டிய கை முழங்கையை நெளிக்கும் ஆர்ம்பாருக்கோ தோளை முறுக்கும் அமெரிக்கானாவுக்கோ போய்விடும். பாலம் போடாமல் இடுப்பை இழுப்பது: எடை அப்படியே இருக்கும்போது இடுப்பு நகராது, தரையில் தேய்ந்த தோள்தான் மிச்சம். மூன்றாவதுதான் பலருக்குப் புரியாமலே இருப்பது. இடுப்பு விலகிவிடும், ஆனால் அந்த நிம்மதியில் ஒரு மூச்சு விடுவார்கள். அதற்குள் மேலே இருப்பவர் இடைவெளியை அடைத்துவிடுவார். விலகுவதும் முழங்கால் நுழைவதும் ஒரே அசைவு.

நம் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கபடியிலிருந்து வருகிறார்கள். கணுக்கால் பிடி, தொடைப் பிடி கைவந்ததால் ஒற்றைக் காலைப் பிடித்து வீழ்த்தும் சிங்கிள் லெக் டேக்டவுன் அவர்களுக்கு இரண்டே வாரத்தில் வந்துவிடும். ஆனால் பாடிப் போனவரை மடக்கினால் குப்புற விழுந்து நடுக்கோட்டுக்குக் கையை நீட்டுவாரே, அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து. குப்புறத் திரும்பினால் முதுகைக் கொடுத்தாயிற்று. எதிராளி முதுகில் ஏறி இரண்டு காலையும் உள்ளே மாட்டிவிட்டால் போட்டியில் அவருக்கு 4 புள்ளி, பின்னாலேயே கழுத்து நெரிப்பும் வரும். கபடிக்காரர் ஆறு வாரமும் தனக்குத் தானே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எதிராளியைப் பார்த்துத் திரும்பு. இன்னொன்று, ஒரே மூச்சில் பாடிப் பழகியவர்கள் அமுக்கப்பட்டதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். உதட்டைக் குவித்து வெளியே விடுவதைத் தனியாகப் பழக வேண்டும்.

ரோல் முடிந்ததும் நோட்டில் இரண்டு வரி போதும். "இன்று கிமுரா பிடி படித்தோம்" என்று எழுதிப் பிரயோஜனமில்லை. "இடது முழங்கை விலாவை விட்டு எப்போது விலகியது?" என்று எழுதினால் அடுத்த வகுப்பில் பார்ப்பதற்கு ஒன்று இருக்கும்.

நெல்லையில் மேட் உள்ள இடம் குறைவு. நாலு பேர் சேர்ந்து ஹாலில் விரிப்பதானால் ஒரு மீட்டர் சதுர ஈவிஏ நுரைப் பலகை 16 வாங்கினால் ஒரு ஜோடி உருளலாம். கனம் 40 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதைவிட மெல்லியது என்றால் முட்டி போட்டே தொடங்குங்கள், தூக்கிப்போடுவது வேண்டாம். அக்னி நட்சத்திர நாட்களில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ தாராளமாகக் குடிக்கலாம்.

டேப் அடிக்க வெட்கப்படுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை. முழங்கை போனால் மாதக்கணக்கில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். குதிகாலைப் பிடித்து முழங்காலை முறுக்கும் ஹீல் ஹூக்கை வெள்ளை பெல்ட் தொடவே கூடாது. அதில் வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் கிழிந்திருக்கும்.

பயிற்சியைத் தின்னுகிற இன்னொரு எதிரி படர்தாமரை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தென்காசிப் பக்கம் சாரல் காலத்திலும் கீ எனும் தடித்த பயிற்சிச் சட்டை காயாது. ஈரத்தோடு மறுநாளும் போட்டால் வந்துவிடும். ஆளுக்கு இரண்டு செட் வேண்டும், முடிந்ததும் உடனே குளியல். மேட்டைத் துடைக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி பிளீச் திரவம் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டுப் பிறகு துடைக்கலாம். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், வட்டம் பரவும். தோல் டாக்டரிடம் போங்கள், அவர் சொல்லும்வரை யாரோடும் உருள வேண்டாம். அந்த நாட்களில் வீட்டில் இருக்காமல் மேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, கீழே கிடப்பவரின் முழங்கையை மட்டும் பாருங்கள்.