ஹெட் கிளீனிங் கொடுப்பதற்கு முன்

திருகோணமலையில் கச்சேரி, நீதிமன்றம், ஆஸ்பத்திரிப் பக்கம் உள்ள போட்டோக்கொப்பிக் கடைகளில் இப்போது பெரும்பாலும் மைத் தாங்கி வைத்த இங்க்ஜெட் பிரிண்டர்கள்தான். எழுத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தால் உடனே ஹெட் கிளீனிங், அதாவது மை தெளிக்கும் தலைப்பகுதியான ஹெட்டைச் சுத்தமாக்கும் கட்டளை, கொடுப்பார்கள். போகவில்லையா, இன்னொன்று. அதற்கும் போகவில்லையா, மீண்டும். பழுதுபார்க்க வரும் பிரிண்டர்களைக் கழற்றிப் பார்த்தால், வாங்கிய மையில் கணிசமான பங்கு தாளுக்குப் போகாமல் அடியில் உள்ள பஞ்சுக்குப் போயிருப்பது தெரியும். அதைத் தடுக்கலாம் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

ஹெட் கிளீனிங் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ துடைக்கும் வேலை போல இருக்கும். உண்மையில் அது உறிஞ்சும் வேலை. வலது ஓரத்தில் ரப்பர் விளிம்புள்ள ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. அதைக் கப்பிங் என்போம். ஹெட் அதன்மேல் வந்து உட்கார்ந்ததும் கீழே உள்ள பம்ப் இழுக்க, நொசில்கள் எனப்படும் நுண்துளைகள் வழியாக மை இறங்கி, ஒரு குழாயால் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. பிறகு ரப்பர் வைப்பர் ஹெட்டின் அடியைத் துடைக்கிறது. எப்சன் எல்3110 போன்றவற்றில் நான்கு நிறமும் ஒன்றாகவே இழுபடும். மஞ்சளில் இரண்டு நொசில் அடைத்ததற்காகக் கறுப்பும் சேர்ந்து போகும். கெனன் ஜி வரிசையில் கறுப்பு, கலர் என்று பிரித்துத் தெரிவு செய்யலாம். அந்தத் தெரிவைக் கணினியில் திறந்து பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கொடுப்பவர்கள்தான் அதிகம்.

ஆகவே முதலில் நொசில் செக் தாள், அதாவது எந்த நொசிலில் மை வருகிறது என்று காட்டும் கோடுகளைப் பிரிண்டரே அச்சிட்டுத் தரும் தாள். அதை எடுக்கச் செலவாகும் மை மிகச் சொற்பம். ஒரு தாள் போதாது. சில நிமிட இடைவெளியில் இரண்டு எடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் கோடு அறுந்திருந்தால் அந்த நொசிலில் மை காய்ந்திருக்கிறது. கிளீனிங் பலன் தரக்கூடும். அறுந்த இடம் தாளுக்குத் தாள் மாறினால் அது அடைப்பல்ல, காற்று. எப்சன் ஹெட்டில் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ தகடு அசைந்து மையைத் தள்ளுகிறது. நொசிலுக்குப் பின்னால் உள்ள சிறு மை அறைக்குள் காற்றுக் குமிழி இருந்தால் அந்த அழுத்தத்தைக் குமிழி வாங்கிக்கொள்ளும், துளி வெளியே வராது. இதற்கு அடுத்தடுத்துக் கிளீனிங் கொடுத்தால் புதிதாகவும் காற்று இழுபட இடமுண்டு. பிரிண்டரை அணைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே மருந்து. நொசில் செக்கும் கிளீனிங்கும் மூன்று முறை செய்தும் சரிவராவிட்டால் குறைந்தது 12 மணித்தியாலம் அச்சிடாமல் விடும்படி எப்சன் கையேடே சொல்கிறது. கெனன், கூடுதலாக மை இழுக்கும் டீப் கிளீனிங்குக்குப் பிறகு 24 மணித்தியாலம் விடச் சொல்கிறது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது இது கஷ்டம்தான், ஆனாலும் மாலையில் அணைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் பாதிக் கோடுகள் தாமாக வந்திருப்பது வழக்கம்.

பக்கத்தின் மேற்பகுதி நன்றாக வந்து, கீழே போகப் போக ஒரு நிறம் மங்கினால் ஹெட்டைக் குறை சொல்லாதீர்கள். மை வந்து சேரவில்லை. தாங்கியின் மட்டம் கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விட்டதா, குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்210 போன்ற பழையவற்றில் பிரிண்டரைத் தூக்கிச் செல்லும்போது மையை அடைக்கும் போக்குவரத்துப் பூட்டு மூடியே இருக்கலாம். நொசில் செக் முழுமையாக வந்தும் படத்தில் கோடு விழுந்தால் அலைன்மென்ட் (ஹெட் நேராக அச்சிடச் செய்யும் சீரமைப்பு) அல்லது தாள் வகைத் தெரிவு பிழை. அதைக் கிளீனிங் ஒருபோதும் திருத்தாது.

ஒரு நிறம் முழுவதாகவே காணாமல் போனால் கப்பிங்கைச் சந்தேகியுங்கள். அதன் ரப்பர் விளிம்பில் காய்ந்த மை பொருக்காக ஒட்டியிருந்தால் ஹெட்டோடு இறுக்கமாகப் பொருந்தாது; பம்ப் மையை விட்டு வெளிக்காற்றை இழுக்கும். பிரிண்டரைப் போட்டு, ஹெட் நகர்ந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். இப்போது ஹெட்டைக் கையால் இடப்பக்கம் தள்ளலாம். நூல் விடாத துணியை வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் நனைத்து விளிம்பையும் வைப்பரையும் துடைக்க வேண்டும். ஊசி, பிளேடு வேண்டாம். கிண்ணத்துக்குள் இருக்கும் சிறு பஞ்சைப் பிடுங்கவும் வேண்டாம். பிறகு சிரிஞ்சால் 2 மில்லிலீற்றர் அளவில் அதே நீரைக் கிண்ணத்தில் விட்டு ஒரே ஒரு கிளீனிங். நீர் போய்விட்டால் பம்ப் வேலை செய்கிறது. அப்படியே நின்றால் குழாய் அடைத்திருக்கிறது. அந்த நிலையில் எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் வீண். கிணற்று நீர் வேண்டாம், கரையோரக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும். அதே கடையில் பற்றறி அசிட்டும் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபலைப் படித்து வாங்குங்கள்.

நிறம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, ஒன்றிரண்டு கோடுதான் இல்லை என்றால் கிளீனிங்குக்குப் பதில் பட்டைத் தாள் அச்சிடலாம். சோர்ந்த நிறத்தில் மட்டும் 5 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பட்டை, சாதாரணத் தாள், உயர்தரத் தெரிவு. கணக்குப் பார்ப்போம். எப்சன் 003 கறுப்புப் போத்தல் 65 மில்லிலீற்றர். 4,500 பக்கம் வரும் என்கிறது நிறுவனம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 0.014 மில்லிலீற்றர். அதைப் பக்கத்தின் 5 சதவீதம் மை படும் சாதாரண எழுத்துப் பக்கமாகக் கொண்டால், முழுக்கறுப்பாக ஒரு ஏ4 நிரப்பவே 0.3 மில்லிலீற்றர் அளவுதான். பட்டைக்கு அதில் ஆறில் ஒரு பங்கு. கிளீனிங்குக்கு எவ்வளவு போகிறது என்பதைத் தாங்கியில் ஒட்டுநாடா ஒட்டி, மட்டத்தைக் குறித்துவைத்து நீங்களே பார்க்கலாம். கெனன் ஜி வரிசையில் பெரும்பாலும் கறுப்பு பிக்மென்ட் (நுண்துகள்) மை, போட்டோத் தாள் தெரிவில் அது பாவிக்கப்படாது. அதனால் பட்டையைச் சாதாரணத் தாள் தெரிவில்தான் எடுக்க வேண்டும். கெனன், எச்பி ஹெட்டுகள் மையைச் சூடாக்கித் துளியாக்குபவை. மை வராத நொசிலை வெறுமனே ஓடவிட்டால் சூடேறிக் கருகும், ஆகவே ஒரு நிறம் முழுதாக இல்லாதபோது பட்டை வேண்டாம்.

அடைப்பு வராமல் பார்ப்பதில் எங்கள் ஊருக்கென்று சில விடயங்கள் உண்டு. கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நொசில் சீக்கிரம் காய்கிறது. பாடசாலை ஆகஸ்ட் விடுமுறையும் அந்தக் காலத்தில்தான். அலுவலக அறையைப் பூட்டிவிட்டுப் போனால், திறக்கும் நாளில் பிரிண்டர் அச்சடிக்காது. வாரத்துக்கு ஒருமுறை யாராவது வந்து நான்கு நிறமும் உள்ள ஒரு தாள் எடுத்தால் போதும். மேசை மின்விசிறியைப் பிரிண்டரை நோக்கி வைக்காதீர்கள். மாரியில் இதற்கு மாறாகத் தாள் ஈரம் குடிக்கும். அதன் நார் வைப்பரில் சிக்கி ஹெட்டில் இழுபடும், ஆகவே திறந்த தாள் கட்டைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.

கடை பூட்டும்போது சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைக்கும் பழக்கம் மிகக் கெட்டது. பிரிண்டரின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் கப்பிங்கில் போய் மூடிக்கொள்ளும். அச்சடிக்கும்போது கரண்ட் போனாலும் அதே கதி, ஹெட் வழியில் திறந்தபடி நிற்கும். கரண்ட் வந்தவுடன் ஒருமுறை போட்டு, பட்டனால் அணைத்துவிடுங்கள். இந்தப் பிரிண்டர்களுக்குச் சிறிய யூபிஎஸ் தாராளமாகப் போதும்.

பவர் கிளீனிங் கடைசிக் கட்டம். குழாயில் உள்ள மையையே மாற்றும் அளவுக்கு இழுப்பதால் ஒவ்வொரு தாங்கியிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் காற்று இழுபட்டு நிலைமை மோசமாகும். இரண்டு பவர் கிளீனிங்குக்கு நடுவே 12 மணித்தியாலம் தேவை. கழிவுப் பஞ்சின் கணக்கையும் மறக்கக்கூடாது. பிரிண்டர் பஞ்சை அளந்து பார்ப்பதில்லை, ஒவ்வொரு கிளீனிங்குக்கும் ஒரு தொகையைக் கூட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கு நிரம்பினால் பிரிண்டர் நின்றுவிடும். மென்பொருளால் கவுன்டரை மட்டும் பூச்சியமாக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள்; பஞ்சையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் மை வழிந்து மேசைக்கு வரும்.